முதலில் வெர்னியர், அப்புறம் மோட்டார்: சின்ன மர மில்லை மாற்றும் வரிசை

செங்கோட்டையில் அப்பா மில் தொடங்கும்போது இருந்தவை 42 அங்குலச் சக்கரங்களில் சுற்றும் நீளப் பட்டைப் பிளேடால் அறுக்கும் ஒரு பேண்ட் சா, அறுக்க வரும் மரத்தடியை ஏற்றித் தண்டவாளத்தில் ஓடும் ஒரு டிராலி, அதைத் தள்ள மூன்று பேர். அந்த பேண்ட் சா இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. டிராலியை மட்டும் இப்போது யாரும் தள்ளுவதில்லை. பலகையின் தடிமனைப் பட்டனில் அடித்தால் தடி தானாக நகர்ந்து நிற்கிறது. பிளேடுக்குச் சாணை பிடிப்பதும் மெஷின்தான். இதெல்லாம் வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதில் இரண்டு வருடம் நான் தப்பான வரிசையில் சாமான் வாங்கியதால் வீணாகப் போனது.

போன மாதம் ராஜபாளையம் பக்கம் மில் வைத்திருக்கும் ஒருவர் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்த மெஷினை முதல்ல வாங்கணும்?" என்று கேட்டார். "வெர்னியர் காலிப்பர்" என்றேன், தடிமன் அளக்கும் சின்னக் கைக்கருவி. கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பேண்ட் சா, பத்துப் பதினைந்து ஆட்கள் என்று ஓடும் மில்லுக்கான கணக்கு இது. பெரிய தொழிற்சாலைக்குப் பொருந்தாது.

ஏன் மாற வேண்டியிருந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதுவரை தூத்துக்குடியில் வந்து இறங்கிய பர்மா தேக்கில் ஆறடிச் சுற்றளவுத் தடி சாதாரணம். அதற்குப் பிறகு அதிகம் வர ஆரம்பித்தது ஆப்பிரிக்கத் தோட்டங்களிலும் தென் அமெரிக்கத் தோட்டங்களிலும் வளர்ந்த தேக்கு. சுற்றளவு மூன்றடி இருந்தால் நல்ல தடி. மேலே வெள்ளை, உள்ளே கொஞ்சம் வைரம் பாய்ந்த பகுதி. ஆறடித் தடியில் இரண்டு மில்லிமீட்டர் வீணானால் யாருக்கும் தெரியாது. மூன்றடித் தடியில் அதே இரண்டு மில்லிமீட்டர்தான் நம் லாபம். இன்னொரு காரணம் ஆள். டிராலி தள்ள இப்போது எந்த இளவட்டமும் வருவதில்லை, வரச் சொல்லி நான் கேட்பதும் இல்லை.

அளவு

உங்கள் மில்லில் ஒரு தடியிலிருந்து எத்தனை சதவீதம் பலகையாக வருகிறது? "அறுபத்தஞ்சு" என்று சொல்லாத மில்காரரை நான் பார்த்ததில்லை. அந்த அறுபத்தைந்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. நாம் தடியை வாங்குவது கால் சுற்றுக் கணக்கில். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், நாலில் ஒரு பங்கு 12, பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி 144, அதாவது ஒரு சதுர அடி, பத்தடிக்கு 10 கன அடி. ஆனால் அந்த உருண்டைத் தடியில் நிஜமாக இருப்பது 12.73 கன அடி மரம். அதிலிருந்து ஆறரை கன அடிப் பலகை எடுத்தால் வியாபாரக் கணக்கில் 65 சதவீதம். உள்ளபடி பார்த்தால் 51தான். பாதி மரம் தூளாகவும் பக்கப்பட்டையாகவும் போகிறது. வாங்க, விற்கக் கால் சுற்றே இருக்கட்டும், அதை யாரும் மாற்ற முடியாது. மில்லுக்குள் வைத்துக்கொள்ளும் நோட்டில் மட்டும் நிஜக் கன அடியை எழுதுங்கள். இல்லாவிட்டால் புது மெஷின் வந்து என்ன மிச்சமானது என்பது கடைசிவரை தெரியாது.

அடுத்தது தடிமன். ஒரே அளவுக்கு அறுத்த இருபது பலகைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்தில் மூன்று இடம், மறு ஓரத்தில் மூன்று இடம், ஆக ஆறு இடத்தில் வெர்னியர் வைத்து எழுதுங்கள். கணு இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும். ஒரு மணி நேர வேலைதான். 120 எண்கள் கிடைக்கும்.

இப்போது இரண்டு விதமாகப் பாருங்கள். ஒரே பலகைக்குள் ஆறு எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளிப் போகின்றன? இது பிளேடின் குற்றம்: கூர் போயிருக்கும், இழுவிசை குறைந்திருக்கும், பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு தேய்ந்திருக்கும், அல்லது சக்கரம் நேராக நிற்காது. பலகைக்குள் சீராக இருந்து, பலகைக்குப் பலகை மாறுகிறதா? அப்போது பிளேடு ஒழுங்கு, தடியை நகர்த்தி நிறுத்துகிற செட் ஒர்க்ஸில்தான் ஆட்டம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எனக்கு இது தெரியாமல், பலகைக்குள்ளேயே மூன்று மில்லிமீட்டர் அலைந்துகொண்டிருந்த காலத்தில், செட் ஒர்க்ஸுக்கு விலை கூடிய ஒரு டிஜிட்டல் சாமானை வாங்கி மாட்டினேன். தடியை அது துல்லியமாக நிறுத்தியது. பிளேடு தன் இஷ்டத்துக்கு அலைந்தது. விற்றவர்கள் வந்து பார்த்துவிட்டு "எங்கள் சாமான் சரியாகத்தான் வேலை செய்கிறது" என்றார்கள். அது உண்மைதான், அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

இந்த அலைச்சலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஒரு அங்குலப் பலகை கேட்டால், எங்கேயாவது மெலிந்துவிடுமோ என்று பயந்து மேஸ்திரி 28.5 மி.மீ. வைத்து அறுப்பார். பிளேடு தின்கிற தடம் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. சதுரித்த கட்டையில் ஒன்பது பலகைதான் வரும். அலைச்சலைக் குறைத்து 26.5-க்கு அறுக்க முடிந்து, தடமும் 2.2 ஆனால், அதே கட்டையில் பத்து. ஒரு கட்டைக்கு ஒரு பலகை கூடுதல். மெஷின் எதுவும் வாங்காமல், பிளேடைச் சரி செய்தே எங்களுக்கு இதில் பெரும்பகுதி கிடைத்தது.

பிளேடு

மில்லின் உயிர் பிளேடு பட்டறையில் இருக்கிறது. ஆனால் மில்லிலேயே இருட்டான மூலையும், அனுபவம் குறைந்த ஆளும் அதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். முதல் பணத்தை இங்கே போடுங்கள்.

பிளேடின் கனத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. சக்கரத்தின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 42 அங்குலச் சக்கரத்துக்கு 0.042 அங்குலம், அதாவது 1.07 மி.மீ., நாம் 19 கேஜ் என்று கேட்டு வாங்குவது. "கனமா இருந்தா நேரா ஓடும்" என்று இன்னும் கனமான 18 கேஜ் போடுகிறவர்கள் உண்டு. சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றும் வளைந்து நிமிரும்போது கனமான தகடு சீக்கிரம் களைத்து, பல்லுக்கு இடையிலான குழியில் விரிசல் விடும். காசும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

கையால் சாணை பிடித்தால் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு உயரம். உயர்ந்த பல்தான் முழு வேலையும் செய்யும், மற்றவை சும்மா ஊர்வலம் போகும். ஆட்டோமேட்டிக் சாணை மெஷின் கேம் என்ற மேடு பள்ளச் சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப பல்லின் முகம், குழி, முதுகு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தொட்டு வரும். குளிர்விக்கும் எண்ணெய் ஓடுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சூட்டில் பல் நுனி நீலம் பாய்ந்தால் எஃகு இளகிவிட்டது என்று அர்த்தம், அந்தக் கூர் அரை மணி நேரம் தாங்காது. ஒரே தடவையில் நிறைய உரசாமல், இரண்டு மூன்று லேசான ஓட்டமாக விடச் சொல்லுங்கள். பற்கள் பக்கவாட்டில் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதையும் டயல் கேஜ் என்ற முள்மானி வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் பிளேடு அந்தப் பக்கமே இழுக்கும். பலகைக்குள் அலைச்சல் என்று மேலே சொன்னதில் பாதி இதுதான்.

தேக்கில் மணல்சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் மழுக்கும். கடின மரமும் காய்ந்த மரமும் அதிகம் அறுக்கிறவர்கள் பல் நுனியில் ஸ்டெல்லைட் வைக்கலாம். எல்வுட் ஹேய்ன்ஸ் என்ற அமெரிக்கர் 1907-இல் காப்புரிமை எடுத்த கோபால்ட், குரோமியம் கலவை அது, சூட்டிலும் கூர் விடாது. ஆனால் அதைப் பற்றவைக்கவும் பக்கம் தேய்க்கவும் தனி மெஷின், தனி ஆள் வேண்டும். நாங்கள் அதைச் செய்து கொடுக்கும் இடத்துக்கு வெளியே அனுப்புகிறோம். மா, ரப்பர், மலைவேம்பு மட்டும் அறுக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

கடைசியாக, பிளேடுக்கு ஓய்வு. மழுங்கிய பிறகு கழற்றக் கூடாது, மழுங்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டும். எங்கள் மில்லில் இரண்டரை மணி நேரம் ஆனால் ஒரு பஸர் அடிக்கும். நானே பொருத்திய முதல் 'ஆட்டோமேஷன்' அந்த டைமர்தான். பிளேடுக்கு எண் போட்டு, ஏறிய நேரம், இறங்கிய நேரம், அறுத்த மரம் மூன்றையும் பலகையில் எழுதினோம். மூன்று மாதத்தில் எந்த பிளேடு சோம்பேறி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இரும்பு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரக்கு ஊர் மரமாக இருக்கும்போது எல்லா முதலீட்டையும் ஒரே நொடியில் அழிப்பது இதுதான். சாலையோரப் புளி, கோயில் பக்கத்து வேம்பு, தோட்டத்து மா, எதுவாக இருந்தாலும் உள்ளே விளம்பரத் தட்டி அடித்த ஆணி இருக்கும். ஒருமுறை புளியந்தடி ஒன்றுக்குள் மாடு கட்டும் வளையம் இருந்தது, மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிட்டது. பிளேடு அறுந்து மேல் மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. யாருக்கும் அடிபடாதது நல்லநேரம். மறுவாரம் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். தடியை அடியிலிருந்து நுனிவரை நாலு பக்கமும் தடவுங்கள், சத்தம் வந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். வெட்டிய முனையில் நீலக்கறுப்பாகக் கறை தெரிந்தால் டிடெக்டர் கத்தும் முன்பே சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் உள்ளே இரும்பு இருக்கும்.

டிராலிக்கு மோட்டார்

இதுவரை சொன்னதற்கே ஒரு வருடம் பிடிக்கும். அப்புறம் டிராலி.

"மெதுவாத் தள்ளு, பிளேடுக்கு நல்லது" என்று அப்பா சொல்லுவார். நானும் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. 42 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 2,010 மீட்டர் ஓடுகிறது. பல்லுக்குப் பல் ஒன்றரை அங்குலம் என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 53,000 பற்கள் மரத்தைக் கடந்து போகின்றன. டிராலி நிமிடத்துக்கு 20 மீட்டர் போனால் ஒரு பல் எடுக்கும் கடி 0.4 மி.மீ. அளவு. தூள் நொறுங்கலாக, குருணை போல வரும். அதே டிராலி 4 மீட்டரில் ஊர்ந்தால் கடி 0.08 மி.மீ.கூட இல்லை. பல் அறுக்காது, உரசும். மாவு போன்ற தூள் குழியில் நிற்காமல் பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி, பிளேடைச் சூடாக்கி, அது நெளிய ஆரம்பிக்கும். மூன்று பேர் தள்ளும்போது தொடக்கத்தில் வேகம், நடுவில் கணு வந்தால் திணறல், முடிவில் மறுபடி வேகம். பலகையில் அலை விழுவதற்கு இது போதும். தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: மாவாக இருந்தால் டிராலி மெதுவாகப் போகிறது, அல்லது பல் மழுங்கிவிட்டது.

டிராலிக்கு கியர் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் போட்டால் வேகம் சீராகும். நாங்கள் அடிபட்டுக் கற்ற மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கனமான தடியோடு டிராலி திரும்பி வந்து நிற்கும்போது டிரைவ் ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. எலெக்ட்ரீஷியன் இரண்டு முறை டிரைவை மாற்றினார். கோளாறு டிரைவில் இல்லை. ஓடும் கனத்தை நிறுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், அதை எரித்துத் தீர்க்க பிரேக்கிங் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அதைப் போட்டதும் தொல்லை நின்றது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். பேண்ட் சாவின் சக்கரம் கனம், கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும், ஆனால் அறுக்கத் தெம்பு இருக்காது. அப்போது டிராலி மட்டும் உருண்டு வந்தால் பிளேடைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிடும். கரண்ட் இருந்தால் விடுகிற, போனால் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிற பிரேக்காகக் கேளுங்கள். இரண்டு முனையிலும் டிராலி தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சும், அதற்கும் பின்னால் ரப்பர் வைத்த இரும்புத் தடுப்பும் இருக்கட்டும். சுவிட்சை நம்பித் தடுப்பை எடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்த வேலை. மெயின் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தபடி மேஸ்திரி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். எங்களுடையது 30 குதிரைத்திறன், முழுச் சுமையில் 40 ஆம்பியர் அளவு. அந்த ஆம்பியரை அளக்கும் சின்ன சென்சாரை மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான ஒரு சாதாரண பி.எல்.சி.யில் கொடுத்து, 38-ஐத் தாண்டினால் டிராலி மெதுவாகவும் 25-க்குக் கீழே போனால் வேகமாகவும் போகும்படி தென்காசிப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தான். கணு வந்தால் தானே பதுங்குகிறது, தாண்டியதும் பாய்கிறது. ஆனால் மிகக் குறைந்த வேகம் ஒன்றை அதில் கட்டாயம் வையுங்கள், மேலே சொன்ன உரசலுக்குப் போய்விடாமல். அந்த வேகத்திலும் ஆம்பியர் இறங்காவிட்டால் பிளேடு மாற்ற நேரமாகிவிட்டது என்று பொருள். விளக்கு எரியும்படி செய்திருக்கிறோம்.

செட் ஒர்க்ஸ்

பலகைக்குள் அலைச்சல் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்த பிறகுதான் இதற்குக் காசு. முதலில் வெறும் டிஜிட்டல் அளவுகோல் போதும்: ஒரு காந்தப் பட்டை, ஒரு ரீடர், ஒரு திரை. தடியைக் கையால்தான் நகர்த்துவீர்கள், ஆனால் எங்கே நிற்கிறது என்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை தெரியும். மோட்டார் வைத்துத் தானாக நகர்த்துவதை ஒரு வருடம் கழித்துச் செய்யலாம்.

அளக்கும் சென்சாரை மோட்டார் தண்டில் மாட்டித் தருவார்கள், அதுதான் அவர்களுக்குச் சுலபம். சம்மதிக்காதீர்கள். நடுவில் செயின், கியர், ஸ்க்ரூ எல்லாவற்றிலும் தளர்வு இருக்கிறது. மோட்டார் சுற்றியதை அது அளக்குமே தவிர, தடி நகர்ந்ததை அளக்காது. தடி சாய்ந்து நிற்கும் தூணிலேயே சென்சார் இருக்க வேண்டும், அதன் மேல் பிசினும் தூளும் விழாமல் ஒரு தகரமும் வேண்டும். அப்புறம், எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து நிற்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். தாண்டிப் போனால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும். ஸ்க்ரூவின் தளர்வு அப்போது ஒரே பக்கமாக நின்றுவிடும். பிளேடு தின்கிற தடத்தை ஒவ்வொரு அறுப்புக்கும் கணக்கு தானே சேர்த்துக்கொள்ளும், ஆனால் வேறு கேஜ் பிளேடு ஏற்றினால் அந்த எண்ணை மாற்ற யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும். நாங்கள் பிளேடிலேயே பெயின்டில் எழுதிவிடுகிறோம்.

தூண்கள் தனித்தனியாக நகருமா என்றும் கேளுங்கள். தடி அடியில் பருத்து நுனியில் சிறுக்கும். நல்ல தேக்கை நடுவுக்கு இணையாக அறுத்தால் வெள்ளையை அடுத்து இருக்கிற நல்ல வைரம் ஆப்பு ஆப்பாகப் போய்விடும். பட்டைக்கு இணையாக வைத்து அறுத்தால் முழுநீளப் பலகை கிடைக்கும், ஆப்பு நடுவில் விழும், அங்கே மரம் எப்படியும் மட்ட ரகம்தான். இதற்கு அடித்தூணும் நுனித்தூணும் வேறு வேறு அளவில் நிற்க வேண்டும்.

முதல் முகம்

எங்கள் மேஸ்திரி அண்ணாச்சிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தடி டிராலியில் ஏறியதும் ஒரு நிமிடம் சுற்றி வந்து பார்ப்பார். கூன் எந்தப் பக்கம், கணு எந்தப் பக்கம், எங்கே முதலில் திறப்பது என்று முடிவு செய்வார். நான் கம்ப்யூட்டர் என்று பேச ஆரம்பித்தபோது, "தம்பி, தடிக்கு முதுகு எது வயிறு எதுன்னு அது சொல்லுமா?" என்றார்.

சொல்லும் என்பதுதான் பதில், ஆனால் எல்லாத் தடிக்கும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் இருக்கும் அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் ஹாலக், லூயிஸ் என்ற இருவர் 1971-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சின்னத் தடியில் முதல் முகத்தை எங்கே திறக்கிறோம் என்பது சில மில்லிமீட்டர் மாறினாலே மொத்தப் பலகையும் கூடும், குறையும். சிறந்த இடத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். உலகத்துப் பெரிய மில்களில் இன்று லேசரால் தடியை அளந்து அறுக்கிற ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அந்த எண்ணம் இருக்கிறது. இத்தாலியின் பிரிக்சனில் இருக்கும் மைக்ரோடெக் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் மாதிரி தடிக்குள் இருக்கும் கணுவையே அறுப்பதற்கு முன் காட்டுகிறது.

அதை வாங்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அங்கே ஒரே இன ஸ்ப்ரூஸ், பைன் தடிகள், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரிசையாக ஓடுகின்றன. நம்மிடம் காலையில் தேக்கு, மதியம் வேம்பு, சாயங்காலம் யாரோ வீடு கட்டக் கொண்டு வந்த பலா. யூகலிப்டஸில் ஒரு பக்கமே அறுத்துக்கொண்டு போனால் உள்ளிருக்கும் இறுக்கம் அவிழ்ந்து கட்டை வில்லாக வளையும், தடியைத் திருப்பித் திருப்பி மாற்றுப் பக்கம் அறுக்க வேண்டும். இவ்வளவு கலவையான சரக்கில் ஸ்கேனர் தன் விலையை மீட்க வழி தெரியவில்லை.

ஆனால் அந்த எண்ணத்தின் சின்னத் துண்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது: பிளேடு ஓடும் கோட்டில் ஒரு பச்சை லேசர் விளக்கு. தடி மேல் கோடு விழும்போது முதல் முகம் எங்கே திறக்கும் என்று அறுப்பதற்கு முன்பே தெரிகிறது. ஒரு முனையின் விட்டமும் வேண்டிய பலகை அளவும் கொடுத்தால் எத்தனை பலகை, முதல் அறுப்பு எங்கே என்று சொல்லும் கணக்குத் தாள் ஒன்றையும் போனில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணாச்சி அதைப் பார்ப்பதில்லை. ஆனால் தான் சொன்ன எண்ணும் அது சொன்ன எண்ணும் ஒன்றா என்று பையன்களிடம் தினமும் கேட்டுக்கொள்கிறார். தோற்ற நாட்களில் தடியைக் குறை சொல்கிறார்.

தடியைப் புரட்டும் ஹைட்ராலிக் கையும் தடியைக் கடிக்கும் ஹைட்ராலிக் கொக்கியும் விளைச்சலைக் கூட்டாது. ஆனாலும் காசு வந்தால் உடனே வாங்குங்கள். இடுப்பு ஒடிவதும் விரல் நசுங்குவதும் அங்கேதான்.

தூள்

டிராலி வேகமானால் தூளும் அதிகமாகும். தூள் இழுக்கும் விசிறியும், காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனும் இல்லாமல் வேகத்தைக் கூட்டாதீர்கள். 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு மர மில்கள், ஜனவரியில் பர்ன்ஸ் லேக்கிலும் ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜிலும், மரத்தூள் வெடித்து அழிந்தன, ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். வண்டுகளால் பட்டுப்போன காய்ந்த பைன் மரத்தை அறுத்த தூள் அது. நம்முடையது பெரும்பாலும் திறந்த கொட்டகை, காற்றோட்டம் உண்டு, ஆனால் காய்ந்த மரத்தை மூடிய அறையில் இழைக்கும் இடமும் நம்மில் பலரிடம் இருக்கிறது. கம்ப்ரஸர் காற்றால் கூரையில் படிந்த தூளை ஊதித் தள்ளும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பெருக்கி எடுங்கள், அல்லது உறிஞ்சி எடுங்கள். வெடிக்காவிட்டாலும் நெஞ்சுக்குள் போகிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும் முன்

வன அலுவலகத்துக்குப் போங்கள். காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் உத்தரவிட்டதிலிருந்து மர மில் என்பது எளிதாகத் திறக்கும் தொழில் இல்லை. 2016-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மரத் தொழில்களுக்குத் தனி வழிகாட்டுதலும் கொடுத்தது. டிராலிக்கு மோட்டார் போடுவது வேறு, இன்னொரு பேண்ட் சா நிறுத்துவது வேறு. எதற்கு அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மெஷின் ஒன்பது மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மரவேலை மெஷின்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. பையன்கள் யாரையாவது அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். உலர்த்தும் சூளை பற்றி இதில் நான் எழுதவில்லை, அது தனிக் கதை. ஈரத்தை அளக்கும் கையடக்க மீட்டர் மட்டும் இப்போதே வாங்கிவிடலாம், மர இனத்துக்கு ஏற்ற திருத்தம் அதில் இருக்கிறதா என்று பார்த்து.

இன்னொன்று, தரை. புது டிராலித் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் மேலே போட்ட சென்சார் எல்லாம் வீண். பழைய அடித்தளத்தை உடைத்துவிட்டுப் புதுக் காங்கிரீட் போட்டால், சென்ட்ரிங் பிரித்த மறுநாளே மெஷினை ஏற்றிவிடத் துடிப்பார்கள். 28 நாள் விடுங்கள். அந்த நாட்களில் அந்த இருபது பலகைகளை இன்னொரு முறை அளந்து வையுங்கள்.